பாலர் பள்ளி ஆசிரியரின் அடுத்த படி எது?

சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் வந்த கையோடு பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் 12 தெரிவுகள் வரை பட்டியலிடலாம். பொறியியல், வணிகம், தகவல் தொழில்நுட்பம், தாதிமை என்று பட்டியல் போகும்வரை வீட்டில் யாரும் பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. ‘பாலர் கல்வி’ மேல்வரிசைக்கு வந்தால்தான் பேச்சு தொடங்குகிறது. “பிள்ளைய பாத்துக்கவா மூணு வருஷம் படிக்கப் போற?” என்று பெரியம்மா கேட்பார், சித்தப்பா கேட்பார், சில நேரம் பக்கத்து வீட்டுக்காரரும் கேட்பார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது இப்போது எளிது. முதல் ஆறு ஆண்டுகள் ஒரு குழந்தையின் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியமானவை என்பதை விளக்காத கல்விக் கண்காட்சி இல்லை. இதைவிட நியாயமான கேள்வி ஒன்று உண்டு. அதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. “பத்து வருஷம் கழிச்சு இந்தத் துறையில நீ என்னவா இருப்ப?”

பொறியாளருக்கும் கணக்காளருக்கும் இதற்குத் தயாரான பதில் இருக்கிறது. பாலர் பள்ளி ஆசிரியராக விரும்பும் 17 வயது மாணவருக்கு, அதிலும் தமிழ் கற்பிக்க விரும்பும் மாணவருக்கு, அந்தப் பதில் தெளிவாகத் தெரிவதில்லை. சேரும் முன்பே பதில் தெரிந்திருந்தால் இத்துறையில் நிலைத்திருப்பது எளிதாகும். அந்தப் பதிலைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேலையிலிருந்து தொழிலாக

நம் பெற்றோர் மனத்தில் இருக்கும் பாலர் பள்ளி வேறு, இன்றைய பாலர் பள்ளி வேறு. முன்பு பாலர் பராமரிப்பு நிலையங்கள் ஒரு சட்டத்தின் கீழும் பாலர் பள்ளிகள் இன்னொரு சட்டத்தின் கீழும் இயங்கின. அவற்றை மேற்பார்வையிட்ட அமைச்சுகளும் வெவ்வேறு. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு தொடங்கப்பட்டபோது இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தன. கல்வி அமைச்சும் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சும் அந்த அமைப்பைச் சேர்ந்து மேற்பார்வையிடுகின்றன.

2017ல் நாடாளுமன்றம் பாலர் பருவ மேம்பாட்டு நிலையங்கள் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2019 ஜனவரி 2ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இரு வகை நிலையங்களுக்கும் இப்போது ஒரே உரிம முறை. பாடம் நடத்துபவர்கள் அமைப்பின் அங்கீகாரத்தைப் பெற்றிருக்க வேண்டும். ‘பிள்ளைகளைப் பிடிக்கும்’ என்ற ஒரே தகுதியோடு வகுப்பறைக்குள் நுழைந்துவிட முடியாது.

அதே 2019ல் தேசியக் கல்விக் கழகத்தின் கீழ் தேசிய பாலர் பருவ மேம்பாட்டுக் கழகம் உருவானது. நீ ஆன், தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரிகள், தொழில்நுட்பக் கல்விக் கழகம், என்டியுசியின் சீட் கல்விக் கழகம் ஆகியவை தனித்தனியாக நடத்திய பாலர் கல்விப் பயிற்சிகள் அங்கே ஒன்றுசேர்ந்தன. பட்டயம் முடித்தவர்கள் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பாலர் கல்விப் பட்டப்படிப்பைத் தொடரலாம்.

சம்பளமும் பேசப்பட வேண்டிய விஷயம்தான். அரசாங்க ஆதரவு பெறும் பாலர் பள்ளிகளின் ஆசிரியர் சம்பளம் 2023 தொடங்கி ஈராண்டுகளில் 10 முதல் 30 விழுக்காடு வரை உயரும் என்று 2022ல் அறிவிக்கப்பட்டது. பாலர் பள்ளி செல்லும் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினருக்கு அரசாங்க ஆதரவு பெற்ற பள்ளிகளில் இடம் கிடைக்கச் செய்வது 2025ஐ ஒட்டி எட்ட வேண்டிய இலக்காக 2019ல் முன்வைக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இத்துறை இனி ஓரத்தில் இருக்கும் துறை அன்று என்பது புரியும்.

ஏணியில் எத்தனை படிகள்?

பாலர் பருவத் துறைக்கான திறன் கட்டமைப்பு 2016ல் வெளியானது. யார் எந்தப் பொறுப்பில் தொடங்கலாம், அடுத்த பொறுப்புக்கு என்னென்ன திறன் வேண்டும் என்பதை அது வரிசைப்படுத்திக் காட்டுகிறது.

கைக்குழந்தைகளையும் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் கவனிக்கும் பராமரிப்புக் கல்வியாளர்களுக்கு ஒரு பாதை. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இன்னொரு பாதை. அனுபவம் கூடும்போது மூத்த ஆசிரியர், முதன்மை ஆசிரியர் என்று உயரலாம். தலைமைப் பாதையில் செல்பவர்கள் நிலையத் தலைவர் ஆகலாம்.

கிளைகளும் இருக்கின்றன. பாடத்திட்டம் வடிவமைப்பவர்கள், வருங்கால ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் விரிவுரையாளர்கள், வளர்ச்சியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளோடு பணியாற்றும் ஆரம்பத் தலையீட்டு ஆசிரியர்கள் ஆகியோர் அவர்களில் சிலர். 2023ன் பிற்பாதியிலிருந்து பாலர் பள்ளிகள் ஒருங்கிணைப்பு அலுவலர் ஒருவரை நியமிக்கின்றன. கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை முன்கூட்டியே அடையாளம் கண்டு, பெற்றோரையும் வல்லுநர்களையும் இணைப்பது அவர் பணி. 2016ல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிய ‘கிட்ஸ்டார்ட்’, குறைந்த வருமானக் குடும்பங்களின் வீட்டுக்கே சென்று பெற்றோருக்குத் துணை நிற்கிறது. பாலர் கல்வி படித்தவர்களுக்கு அங்கும் வேலை உண்டு.

அனுபவமிக்க தலைவர்களைப் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு தன் ‘ஃபெல்லோ’க்களாகவும் தேர்ந்தெடுக்கிறது. இவர்கள் தங்கள் நிலையத்தைத் தாண்டி, துறை முழுமைக்கும் வழிகாட்டுகின்றனர்.

ஆக, ஏணி இருக்கிறது. படிகளும் இருக்கின்றன. ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது.

ஏற ஏறக் குழந்தைகள் தூரமாகிறார்கள்

ஒருவர் ஏன் இத்துறைக்கு வருகிறார்? பெரும்பாலும் குழந்தைகளோடு இருக்கத்தான். ஆனால் பதவி உயர உயர, குழந்தைகளோடு செலவிடும் நேரம் குறைகிறது.

நிலையத் தலைவரின் ஒரு காலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். கைக்குழந்தை வகுப்பில் ஐந்து குழந்தைகளுக்கு ஒரு கல்வியாளர் இருக்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள் என்றால் எட்டுப் பேருக்கு ஒருவர். நான்கு வயது வகுப்பில் 15 பேருக்கு ஒருவர், கே1 வகுப்பில் 20 பேருக்கு ஒருவர், கே2 வகுப்பில் 25 பேருக்கு ஒருவர். காலை ஏழு மணிக்கு ஓர் ஆசிரியர் காய்ச்சல் என்று தகவல் அனுப்பினால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். பணி அட்டவணையை மாற்ற வேண்டும், பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், உரிமம் தொடர்பான ஆவணங்களைப் பார்க்க வேண்டும். கதை நேரத்தில் பாயில் உட்கார அவருக்கு நேரம் கிடைப்பதே அரிது.

இது யாருடைய குற்றமும் அன்று. யாராவது அந்த வேலையைச் செய்தாக வேண்டும். நல்ல தலைவர் இல்லாத நிலையத்தில் நல்ல ஆசிரியர்கள் தங்கமாட்டார்கள். ஆனால் ‘முன்னேற்றம்’ என்றாலே தலைவர் பதவிதான் என்று இளையர்கள் நினைத்துவிட்டால், கற்பிப்பதில் சிறந்தவர்கள் வகுப்பறையை விட்டு விலகுவார்கள். தலைவராக விரும்பாதவர்களோ துறையை விட்டே விலகுவார்கள். முதன்மை ஆசிரியர் போன்ற பொறுப்புகள் வகுப்பறையில் இருந்துகொண்டே மற்ற ஆசிரியர்களை வழிநடத்த இடம் தருகின்றன. சேரும்போதே இந்தப் பாதையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தமிழாசிரியருக்கு ஏணி இன்னும் குறுகலானது

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றனர். 2020 கணக்கெடுப்பில் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. ஆங்கிலமோ 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. நம்மில் பலருடைய வீடுகளிலும் இதுதான் நிலைமை. தாத்தா பாட்டி தமிழில் கேட்பார்கள், பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் நான்கு வயதுக் குழந்தைக்கு, தன்னிடம் நாள்தோறும் தமிழில் மட்டுமே பேசும் முதல் மனிதர் பாலர் பள்ளித் தமிழாசிரியராக இருக்கக்கூடும். தொடக்கப்பள்ளி முதல் வகுப்பில் தமிழைக் கண்டு அந்தக் குழந்தை ஓடுமா, ஒட்டிக்கொள்ளுமா என்பது ஓரளவு அவர் கையில் இருக்கிறது.

2014ல் ஐந்து பள்ளிகளோடு தொடங்கிய கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் மூன்று தாய்மொழிகளும் கற்பிக்கப்படுகின்றன. நாட்டிலுள்ள ஏறக்குறைய 1,900 பாலர் பள்ளிகளில் மற்றவற்றைப் பொறுத்தவரை, தமிழ் இருக்குமா என்பது போதிய பிள்ளைகளும் ஆசிரியரும் கிடைப்பதைப் பொறுத்தது. ஆசிரியர் இல்லாததால் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லாததால் பெற்றோர் வேறு மொழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற வட்டத்துக்குள் சிக்குவது எளிது.

சென்ற பல்கலைக்கழக விடுமுறையில் ஆறு வாரங்கள் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக இருந்தேன். அங்கே கே1, கே2 இரண்டையும் சேர்த்து ஏழு பிள்ளைகள் தமிழ் படித்தார்கள். அவர்களுக்கு ஒரே ஆசிரியர். வாரத்தில் மற்ற நாள்களில் அவர் இன்னொரு கிளைக்குப் போய்விடுவார். தோளில் ஒரு பெரிய பை. அதற்குள் அவரே வரைந்து, வெட்டி, உறை போட்ட படஅட்டைகள். ஒருநாள் விளையாட்டுத் திடலில் ஒரு சிறுமி, “டீச்சர், ‘ஸ்லைடு’க்குத் தமிழ்ல என்ன?” என்று கேட்டாள். ஆசிரியர் ஒரு கணம் யோசித்துவிட்டு, “சறுக்குமரம்” என்றார். “ஆனா அது மரம் இல்லையே?” என்றாள் அவள். அன்று மாலை வரை அந்த ஆசிரியர் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். அதே நேரம் பக்கத்து அறையில் சீன மொழி ஆசிரியர்கள் மூவர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அடுத்த வாரப் பாடத்தைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். இவருக்கு அப்படிக் கலந்து பேச அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை.

‘சறுக்குமரம்’ சின்ன விஷயம்தான். அதன் பின்னால் பெரிய விஷயங்கள் இருக்கின்றன. குழந்தையிடம் பேச்சுத் தமிழில் பேசுவதா, எழுத்துத் தமிழிலா? “உக்காருங்க” என்பதா, “உட்காருங்கள்” என்பதா? தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் ஆராய்ந்த 2005ஆம் ஆண்டுக் குழு, பள்ளிகளில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தரப் பரிந்துரைத்தது. தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர்கள் அதைப் பற்றிக் கூடிப் பேசவும் பயிற்சி பெறவும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற இடங்கள் உள்ளன. பாலர் பள்ளி ஆசிரியரோ இதே முடிவை ஒவ்வொரு காலையும் பாயில் உட்கார்ந்தபடி, பெரும்பாலும் தனியாகவே எடுக்கிறார்.

சம்பளத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். இந்தத் தனிமையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கலந்து பேச ஆளில்லாத, தன்னைவிட மூத்தவர் ஒருவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வழியில்லாத வேலையில் 22 வயது இளையர் எத்தனை ஆண்டு நிலைத்திருப்பார்?

சங்கம் எதற்கு?

இங்குதான் தொழில்சார் அமைப்புகள் வருகின்றன. ‘சங்கம்’ என்றாலே ஆண்டுக் கூட்டம், சந்தா, குழுப்படம் என்று நாம் நினைப்பதுண்டு. பாலர் கல்வியின் வரலாற்றில் சங்கங்கள் அதைவிடப் பெரிய வேலை செய்திருக்கின்றன.

அமெரிக்காவின் பேட்டி ஸ்மித் ஹில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியர். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் அவரும் அவருடைய அக்கா மில்ட்ரட்டும் பிள்ளைகளுக்காக உருவாக்கிய காலை வணக்கப் பாட்டின் மெட்டில்தான் இன்று உலகமே பிறந்தநாள் வாழ்த்துப் பாடுகிறது. பேட்டி பின்னர் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியரானார். 1920களில் அமெரிக்காவில் மழலையர் பள்ளிகள் பெருகியபோது, அவற்றின் தரம் ஒரே சீராக இல்லையே என்ற கவலையில் துறையினரை ஒன்றுகூட்டினார். அந்த முயற்சியில் 1926ல் தோன்றிய அமைப்புதான் இன்று இளம் பிள்ளைகளின் கல்விக்கான அமெரிக்க தேசியச் சங்கம். பாயில் உட்கார்ந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவரின் இலட்சியம், ஒரு நாட்டின் பாலர் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்பதுவரை வளர்ந்தது.

சிங்கப்பூரில் பாலர் கல்வியாளர்களுக்கென ஒரு சங்கம் இருக்கிறது. துறையினருக்கான நெறிமுறைக் கோவை ஒன்றை அது வகுத்துத் தந்துள்ளது. குழந்தைகள், குடும்பங்கள், சக ஊழியர்கள், சமூகம் ஆகியோருக்கு ஆசிரியர் ஆற்ற வேண்டிய கடமைகளை அது பேசுகிறது. புதிய ஆசிரியருக்கு இதனால் என்ன பயன்? “என் பிள்ளைக்கு விளையாட்டு வேண்டாம், பயிற்சித்தாள் மட்டும் கொடுங்கள்” என்று ஒரு தாயார் வற்புறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சக ஆசிரியர் ஒருவர் குழந்தையைக் கடிந்துகொண்ட விதம் உங்களை உறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று சொல்வதற்கும், ‘எங்கள் தொழிலின் நெறி இது’ என்று சொல்வதற்கும் வேறுபாடு இருக்கிறது. மருத்துவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் இருக்கும் அந்த முதுகெலும்பு பாலர் பள்ளி ஆசிரியருக்கும் வேண்டும்.

வேலை நேரம், ஊதியம், நியாயமான நடத்தை போன்ற விவகாரங்களுக்கு என்டியுசியின் கீழ் கல்விச் சேவைகள் தொழிற்சங்கம் இருக்கிறது. தொழிற்சங்கம் ஊழியரின் உரிமையைப் பார்க்கிறது. தொழில்சார் சங்கம் தொழிலின் தரத்தைப் பார்க்கிறது. இரண்டும் தேவை.

நம் சமூகத்துக்குச் சங்கம் கட்டுவது புதிதன்று. சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம் 1951லேயே தொடங்கப்பட்டது. பள்ளித் தமிழாசிரியர்களின் குரலாக அது எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிவருகிறது. பாலர் பள்ளித் தமிழாசிரியர் இரண்டு உலகங்களுக்கு நடுவில் நிற்கிறார். பாலர் கல்விக் கூட்டங்களுக்குப் போனால் பேச்செல்லாம் ஆங்கிலத்தில், எடுத்துக்காட்டுகளும் ஆங்கில வகுப்பறையிலிருந்து. தமிழாசிரியர் கூட்டங்களுக்குப் போனால் பேச்சு பெரும்பாலும் தொடக்கப்பள்ளியையும் தேர்வையும் பற்றி.

இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் இருமொழிப் பள்ளிகளில் படித்து வந்த நம் தலைமுறையினர் என்பது என் கருத்து. பாலர் கல்விக் கோட்பாட்டை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, அதைத் தமிழ் வகுப்பறைக்குக் கொண்டுவர நம்மால் முடியும். தமிழ் வகுப்பறையில் கண்டதை ஆங்கிலத்தில் எழுதி, மாநாட்டு மேடைக்குக் கொண்டுபோகவும் முடியும்.

25 வயதில் என்ன செய்யலாம்?

சங்கத்தின் வழியாக வளர்வதற்குத் தலைவர் பதவி வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரால் செய்யக்கூடியவை பல இருக்கின்றன.

வெவ்வேறு நிலையங்களில் தனித்தனியாக இருக்கும் தமிழாசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடும் ஒரு கற்றல் வட்டத்தைத் தொடங்கலாம். பத்துப் பேர் இருந்தால் போதும். ஒவ்வொருவரும் தனியே வரையும் படஅட்டைகள் பத்து மடங்காகும். ‘சறுக்குமரம்’ பற்றிக் கேட்க ஓர் இடமும் கிடைக்கும்.

தம் வகுப்பில் நடந்த ஒரு சிறு முயற்சியைப் பதிவுசெய்யலாம். ஆங்கிலம் மட்டுமே பேசும் ஏழு பிள்ளைகளில் யார், எப்போது, எந்த விளையாட்டின்போது முதல் தமிழ்ச் சொல்லைத் தானாகச் சொன்னார் என்று மூன்று மாதம் குறித்து வைத்தாலே அது பயனுள்ள ஆவணம். பெரிய மொழிகளைப் பற்றி ஆய்வுகள் குவிந்துகிடக்கின்றன. சிங்கப்பூர்க் குழந்தைகளின் தமிழைப் பற்றி இங்குள்ள ஆசிரியர் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்?

சங்கத்தின் செயற்குழுக்களில் தொண்டு செய்யலாம். கருத்தரங்கு ஒன்றை ஏற்பாடு செய்யும்போது பேச்சாளரை அழைப்பதும் வரவுசெலவு பார்ப்பதும் மேடையில் பேசுவதும் பழகிவிடும். தலைமைத்துவத்துக்கு இதைவிட மலிவான பயிற்சி கிடைக்காது. கல்விக் கொள்கைகள் குறித்துக் கருத்துக் கேட்கப்படும்போது, அந்த அறையில் ஒரு தமிழ்ப் பாலர் ஆசிரியரும் இருப்பார்.

பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகளிலும் தமிழ் மன்றங்களிலும் இருக்கும் நாமும் உதவலாம். ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்கு நாடகமும் விவாதமும் நடத்துகிறோம். அந்த உழைப்பில் ஒரு பகுதியைப் பாலர் பள்ளிகளுக்கான படக்கதைகளையும் பொம்மலாட்டத்தையும் உருவாக்கச் செலவிட்டால், பையைத் தூக்கிக்கொண்டு இரு கிளைகளுக்கு இடையே ஓடும் ஆசிரியருக்குச் சுமை குறையும். இருமொழிக் கல்விக்காக 2011ல் தொடங்கப்பட்ட லீ குவான் இயூ நிதி பாலர் பருவத் திட்டங்களுக்கு ஆதரவு தருகிறது. நல்ல திட்டம் இருந்தால் பணத்துக்கு வழி தேடலாம்.

மறைக்க வேண்டியதில்லை

இது எளிதான வேலை என்று சொல்லி யாரையும் அழைக்கக்கூடாது. முழுநாள் நிலையங்கள் பொதுவாகக் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரை திறந்திருக்கின்றன. பணி சுழற்சி முறையில்தான் என்றாலும் உடல் களைத்துவிடும். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் ஆசிரியருக்கும் பிடிக்கும். குரல் கட்டும். பெற்றோர் அனுப்பும் குறுஞ்செய்திகள் வீடுவரை தொடரும். ஆண்கள் மிகவும் குறைவு என்பதால், சேரும் ஆண்கள் சில சங்கடமான பார்வைகளையும் சந்திக்க நேரும்.

இன்னொரு கவலையும் உண்டு. சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 2023ல் 0.97 ஆகக் குறைந்தது. பிள்ளைகளே குறையும்போது ஆசிரியர்கள் எதற்கு என்று கேட்கலாம். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் கைக்குழந்தைப் பராமரிப்பின் தேவை குறையவில்லை. ஆரம்பத் தலையீடு விரிவடைந்து வருகிறது. ஆனாலும் சில நிலையங்கள் மூடப்படலாம், சில இணையலாம். ஆகவே, ஒரே நிலையத்தை நம்பி இல்லாமல், நிலையத்துக்கு வெளியிலும் தொழில்முறைத் தொடர்புகள் இருப்பது பாதுகாப்பு. சங்கத்தில் சேர இதுவும் ஒரு காரணம்.

தெரிவுப் பட்டியலை நிரப்பும் முன்

இத்துறையை எண்ணிப் பார்க்கும் தம்பி தங்கைகளுக்குச் சில யோசனைகள்.

முதலில், விடுமுறையில் சில வாரங்களாவது ஒரு பாலர் பள்ளியில் இருந்து பாருங்கள். குழந்தைகளைப் பிடிப்பதும் 20 குழந்தைகளோடு ஒரு நாளைக் கழிப்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது, தமிழில் ஆர்வம் இருந்தால், தமிழியலும் பாலர் கல்வியும் சேர்ந்த பட்டயப்படிப்பைப் பற்றி நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியின் பொது வரவேற்பு நாளில் கேளுங்கள். பொதுப் பாலர் கல்விப் பட்டயத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ் மட்டும் கற்பிப்பதா, வகுப்பாசிரியராகவும் இருந்துகொண்டு தமிழும் கற்பிப்பதா என்பது பின்னாளில் எந்த ஏணியில் ஏறுவீர்கள் என்பதைப் பாதிக்கும்.

மூன்றாவது, பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு பட்டயம், பட்டம் படிப்போருக்குப் பயிற்சி விருதுகளையும் உபகாரச் சம்பளத்தையும் வழங்குகிறது. அவற்றோடு பணிக்கட்டுப்பாட்டுக் காலமும் வரும். கையெழுத்திடும் முன் பெற்றோரோடு உட்கார்ந்து எத்தனை ஆண்டு, எங்கே, எந்த நிபந்தனையில் என்று வரிவரியாக வாசியுங்கள்.

நான்காவது, வேலைக்கான நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். “எனக்கு வழிகாட்டியாக யார் இருப்பார்? தமிழ்ப் பாடம் திட்டமிட எனக்கென நேரம் ஒதுக்கப்படுமா? தொழில்சார் சங்கத்தின் பயிற்சிகளுக்குப் போக விடுப்புத் தருவீர்களா? வகுப்பறையை விட்டுப் போகாமல் நான் எதுவரை உயரலாம்?” இவற்றுக்குக் கிடைக்கும் பதில்கள், சம்பளத் தொகையைப் போலவே அந்த நிலையத்தைப் பற்றி நிறையச் சொல்லும்.

பத்து ஆண்டுகளில் என்னவாக இருப்பாய் என்று வீட்டில் கேட்டால், இனிச் சொல்வதற்குப் பதில் உண்டு. நிலையத் தலைவராக இருக்கலாம். முதன்மை ஆசிரியராகப் புதியவர்கள் ஐவருக்கு வழிகாட்டலாம். ஆரம்பத் தலையீட்டில் சிறப்புப் பயிற்சி பெற்றிருக்கலாம். தமிழ்ப் பாலர் ஆசிரியர்களின் வட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருக்கலாம். அவர்களில் யாரோ ஒருவருடைய வகுப்பில், வீட்டில் தமிழே கேட்டிராத ஒரு குழந்தை முதன்முறையாகத் தமிழில் கேள்வி கேட்கும். அதற்குப் பதில் சொல்ல அங்கே ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். அவர் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்க வேண்டும்.